ஆண்டவரின் விரலைப் பிடித்த மட்டி

அம்பிகா முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சாலையோரத்தில் இருக்கும் கல்லூரி ஒன்றில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவர் விலங்கியல், நான் தமிழ். போவதும் வருவதும் ஒரே பஸ்ஸில். அதனால் இந்தக் கதையில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியைப் பஸ்ஸில் கேட்டேன்.

அவர் பிறந்தது உடையார்பாளையத்தில். முந்திரிக்காட்டுக் குடும்பம். பள்ளி விடுமுறை முழுக்க, சுட்ட கொட்டையை உடைத்துப் பருப்பு எடுப்பதுதான் வேலை. பருப்பு இரண்டாகப் பிளக்காமல் முழுசாக எடுப்பதில் அந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார். கட்டிக்கொடுத்தது சிறுவாச்சூரில். கணவர் அய்யம்பெருமாள் நெடுஞ்சாலை ஓரத்தில் கூல்டிரிங்ஸ் கடை வைத்திருந்தார். காளி கோயில் திறக்கும் திங்கள், வெள்ளியில் நிற்க நேரமிருக்காது. மற்ற ஐந்து நாளும் அவர் பேப்பர் படித்துவிட்டு, உலகத்தில் யார் யார் என்னென்ன தப்பு செய்கிறார்கள் என்று பக்கத்து டயர் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

அம்பிகாவுக்குப் பட்டாம்பூச்சி பற்றி ஆராய்ச்சி செய்ய ஆசை. வழிகாட்டிப் பேராசிரியர் இளையபெருமாள் ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"பட்டாம்பூச்சின்னா பின்னாடியே ஓடணும்மா. உங்க வயசுக்கும் என் முட்டிக்கும் அது சரிப்படாது. மட்டியை எடுத்துக்கங்க."

"மட்டியா சார்?"

"கொள்ளிடத்து மட்டி. நாம ஒரு சிமெண்டு மூட்டையைத் தூக்கிப் பிடிச்சோம்னா ரெண்டு நிமிஷத்துல கை நடுங்கிடும். மட்டி ரெண்டு ஓட்டையும் மூடிக்கிட்டா மணிக்கணக்கா அப்படியே இருக்கும். அசராது. அசராம இழுத்துப் பிடிக்கிற அந்தத் தசையில என்ன புரதம் இருக்கு, எப்படிப் பிடிக்குது, எப்படி விடுதுன்னு பாக்கணும். கடல் மட்டியைப் பத்தி உலகமே எழுதிட்டாங்க. நம்ம ஆத்து மட்டியை ஒருத்தரும் திரும்பிப் பாக்கல."

ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்ற சொல் அம்பிகாவைத் தைத்துவிட்டது. அந்தக் கல்லூரியில் பதினோரு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளராக இருந்தவர் அவர். சரி என்று சொல்லிவிட்டார்.

மட்டிக்குத் திருமானூர் போக வேண்டும். அங்கே மாயவன் என்று ஒருவர் கொள்ளிடத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று, காலாலேயே மணலைத் துழாவி மட்டி எடுப்பார். முதல் தடவை அம்பிகா போய் நாற்பது மட்டி கேட்டபோது மாயவன் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை பேருக்குங்க?" என்பதுதான். ஒரு ஆளுக்குத்தான் என்று அம்பிகா சொன்னதும், நாற்பது மட்டி தின்னப் போகும் அந்த ஆளை மாயவன் மரியாதையோடு மேலும் கீழும் பார்த்தார்.

வாளியில் ஈரச் சாக்கைப் போட்டு மூடிக்கொண்டு பஸ் ஏறினார் அம்பிகா. அரியலூரில் நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து சீட்டில் பூ வாங்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாள். வாளிக்குள்ளிருந்து ஒரு மட்டி அந்த அம்மாளின் புடவையில் சுரீர் என்று தண்ணீரைப் பீச்சியது.

"என்னம்மா வாளியில?"

"மட்டிங்க."

"கொழம்புக்கா?"

"இல்லைங்க, ஆராய்ச்சிக்கு."

அந்த அம்மாள் புடவையைத் துடைத்துக்கொண்டார். "எங்கூட்டுல கொழம்பும் வறுவலும்தான். ஆராய்ச்சி எப்படிம்மா செய்யறது?"

அம்பிகா வகுப்பெடுப்பவர். யார் கேட்டாலும் ஒழுங்காகப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. "மொதல்ல ஓட்டைத் தொறந்து தசையை மட்டும் எடுக்கணும். ஐஸ் மேல வச்சு பொடிப்பொடியா நறுக்கணும். லேசான உப்புத் தண்ணியில நாலு தடவை கழுவணும். அப்புறம் நல்லா உப்புக் கூட்டி மிக்ஸியில அடிக்கணும். அடிச்சதைச் சுத்தவிட்டா சக்கை அடியில போயிடும். மேல நிக்கிற தண்ணியில தண்ணி சேத்தோம்னா, வெள்ளையா திரண்டு வரும். அதுதான் வேணும்."

"தாளிக்க வேணாமா?"

"வேணாங்க."

"புளி?"

"புளிப்பு பட்டா கெட்டுப்போயிடும்."

நாங்கள் கல்லூரியில் இறங்கும்போது அந்த அம்மாள், "ஞாயித்துக்கிழமை செஞ்சு பாக்கறேன்" என்று சொல்லி அனுப்பினார். ஆராய்ச்சி எப்படி வந்ததென்று கேட்க எங்களுக்குப் பிறகு வாய்ப்பே கிடைக்கவில்லை.

மட்டியைத் திறப்பது லேசில்லை. பலவந்தமாகப் பிளந்தால் தசை கிழிந்துவிடும். கிழிந்த தசையில் புரதம் சிதைந்துபோகும். துறையில் இருந்தவர்கள் ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் போட்டுப் பார்த்தார்கள். அம்பிகா ஒரு மட்டியைக் கையில் எடுத்து, உருட்டி, கீல் இருக்கும் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, சின்னக் கத்தியை ஓரத்தில் நுழைத்து ஒரு திருகு திருகினார். ஓடு திறந்துகொண்டது. தசை முழுசாக, பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது.

"எங்கேம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார் இளையபெருமாள்.

"முந்திரிக்கொட்டை சார்."

இளையபெருமாள் அதை ஏதோ ஆய்வுக்கூடத்தின் பெயர் என்று நினைத்துக்கொண்டு தலையாட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தச் சித்திரை மாதம் துறையின் ஃப்ரிட்ஜ் உயிரை விடும்வரை. வெள்ளிக்கிழமை மாலை நின்றுபோயிருக்கிறது. திங்கட்கிழமை காலையில்தான் திறந்தார்கள். திறந்தவர் அட்டெண்டர் பூமாலை. திறந்த கையோடு மூடிவிட்டு, மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தமிழ்த் துறை அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. ஆனாலும் நான் அன்றைக்கு இலக்கண வகுப்பை மரத்தடியில்தான் எடுத்தேன்.

எட்டு மாத உழைப்பு போயிற்று. அம்பிகா வீட்டுக்குப் போய் அழுதார். அய்யம்பெருமாளுக்கு மனைவி அழுதால் தாங்காது. விஷயம் புரியாவிட்டாலும் தீர்வு சொல்லிவிடுவார்.

"இதுக்கு எதுக்கு அழுவற? குளிர்தானே வேணும்? நம்ம கடையில டீப் ஃப்ரீசர் இல்லையா? ஐஸ்கிரீமைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளுனா முடிஞ்சுது."

அப்படித்தான் கொள்ளிடத்து மட்டியின் தசை, கிளிசரினில் ஊறி, சிறுவாச்சூர் கடையில் குல்பிக்கும் கப் ஐஸ்கிரீமுக்கும் நடுவில் குடியேறியது. யாரும் தப்பாக எடுத்துவிடக் கூடாதென்று அய்யம்பெருமாளே தன் கையால் எழுதி, டப்பாவின் மேல் ஒட்டினார்: "முனைவர் பட்டம். விற்பனைக்கு இல்லை."

கோயிலுக்கு வந்தவர்கள் கண்ணாடி வழியாக அதைப் பார்த்து, வேறு எங்கே கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர், "பி.எட். இருக்குதுங்களா?" என்று கேட்டாராம்.

கடையில் மின்வெட்டு வந்தால் அய்யம்பெருமாள் முதலில் ஜெனரேட்டரைத்தான் தொடுவார், வாடிக்கையாளர் அப்புறம்தான். வெயில் நாளில் யாராவது டீப் ஃப்ரீசரைத் திறந்து வைத்துக்கொண்டு எந்த ஐஸ்கிரீம் வாங்கலாம் என்று யோசித்தால், "சீக்கிரம் எடுங்க, உள்ள புரதம் இருக்கு" என்று சத்தம் போடுவார். அதைக் கேட்டுவிட்டு, பாடாலூரிலிருந்து உடற்பயிற்சி செய்யும் இளைஞர்கள் நாலு பேர் பைக்கில் வந்து, புரதம் என்ன விலை என்று கேட்டார்கள். அவர்களை அனுப்புவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்தது ஜெல். ஒரு மெல்லிய பாளத்தில் புரதக் கரைசலை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். கனமான புரதம் மேலேயே தங்கும், லேசானது கீழே ஓடும். பிறகு நீலச் சாயத்தில் ஊறப்போட்டுக் கழுவினால், ஒவ்வொரு புரதமும் ஒரு கோடாகத் தெரியும். இவ்வளவும் அம்பிகா எனக்குப் பஸ்ஸில் சொன்னது. ஒன்றரை வருஷம் அவருக்குக் கோடே விழவில்லை. வெறும் நீலத் தீற்றல்தான். கையெல்லாம் நீலம், புடவைத் தலைப்பெல்லாம் நீலம். அந்தக் கையோடு அவர் கல்யாண வீடுகளுக்கு வந்தபோது, இது புது டிசைன் மருதாணி என்று இரண்டு பேர் கேட்டு வாங்கப் பார்த்தார்கள்.

தப்பு எங்கே என்று ஒரு மழை நாளில்தான் பிடிபட்டது. கல்லூரி மிக்ஸி சூடாகிறது. சூட்டில் புரதம் துண்டு துண்டாகிறது. மறுநாள் அம்பிகா கடையிலிருந்து மில்க் ஷேக் அடிக்கும் ஜாரையே தூக்கிக்கொண்டு வந்தார். முதல் நாள் ராத்திரியிலிருந்து ஃப்ரீசரில் வைத்த ஜார். ஐஸ் சுற்றி, ஐந்து நொடி அடி, ஒரு நிமிடம் நிறுத்து என்று அடித்தார். அந்த வாரம் ஜெல்லில் பளிச்சென்று ஒரு தடித்த கோடு விழுந்தது. பாராமயோசின். மட்டி போன்ற பிராணிகளின் தசையில் கம்பி மாதிரி ஓடும் புரதம். அதற்கு மேலே, மயோசின். அதற்கும் மேலே, மெல்லிசாக, பிடியை விடச் சொல்லும் புரதம்.

அம்பிகா படத்தைக் கணவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"இந்தக் கோட்டுக்கா இத்தனை நாளு?"

"ஆமாங்க."

"நல்லா நேரா இருக்கு" என்றார் மனசாரப் பாராட்டி. பிறகு அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் காளி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். பணம் கட்ட நினைத்த ஒரு லாரி டிரைவர் அதன் முன்னால் போனை நீட்டி, மூன்று நிமிடம் ஸ்கேன் செய்துவிட்டு, டவர் இல்லை என்று சொல்லிவிட்டார்.

ஐந்தாவது வருஷம் ஆய்வேடு முடிந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வருவார், எல்லோர் முன்னாலும் கேள்வி கேட்பார். வந்தவர் பெயர் டாக்டர் ஆண்டவர். கடற்கரைப் பக்கத்தில் ஒரு ஆய்வு நிலையத்தில் முப்பது வருஷம் கடல் மட்டியோடு வாழ்ந்தவர். அவர் வருவதற்கு முந்தின ஒரு வாரமும் எங்கள் கல்லூரியில் பேச்சே விசித்திரமாகிவிட்டது.

"ஆண்டவர் என்ன கேப்பாரோ தெரியலையே சார்" என்று அம்பிகா நடுங்குவார்.

"ஆண்டவர் நல்லவர்தாம்மா. ஆனா புள்ளிவிவரம் தப்பா இருந்தா மன்னிக்க மாட்டார்" என்பார் இளையபெருமாள்.

கேட்டில் நின்ற பூமாலை, "ஆண்டவர் எந்த வழியா சார் வருவாரு?" என்று கேட்க, "விழுப்புரம் வழியா" என்றார் இளையபெருமாள். பூமாலை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தேர்வு அன்று காலை பதினோரு மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. தேநீரும் மிக்சரும் உண்டு என்று அறிவித்திருந்ததால் நாங்கள் எல்லாத் துறையிலிருந்தும் வந்திருந்தோம். முதல் வரிசையில் அய்யம்பெருமாள் பட்டு வேட்டியில். மேசை மேல் ஒரு கண்ணாடித் தொட்டியில் மூன்று மட்டிகள், காட்சிக்கு. அதில் பெரியதை மாயவனே தேர்ந்தெடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். "இது புடிச்சா வுடாதுங்க. எங்க மச்சான் கால் வெரலைப் புடிச்சுக்கிட்டு வூடு வரைக்கும் வந்துது" என்று சொன்னாராம்.

அம்பிகா பேசத் தொடங்கினார். எழுதி வைத்ததை நிமிராமல் படித்தார். ஆண்டவர் ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, கோடு போட்ட டை. கேட்டுக்கொண்டே வந்தவர் கையை உயர்த்தினார்.

"அம்மா, ஒரு சந்தேகம். கடல் மட்டிக்கு அலை இருக்கு, பாறை இருக்கு. அதனால பிடி இருக்கு. ஆத்துல சும்மா மணல்ல கிடக்கிற இதுக்கு எதுக்கு அவ்வளவு பிடி? சராசரியா ரெண்டு மணி நேரத்துக்கு மேலன்னு எழுதியிருக்கீங்க. நம்பற மாதிரி இல்லையே."

அம்பிகா ஆய்வேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடத் தொடங்கினார்.

ஆண்டவர் எழுந்து தொட்டிக்கு அருகே போனார். பெரிய மட்டி ஓட்டை லேசாகத் திறந்து, நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "இப்ப பாருங்க, இது எப்படித் தொளதொளன்னு..." என்று சொல்லிக்கொண்டே மோதிர விரலை உள்ளே விட்டார்.

டப் என்று ஒரு சத்தம்.

ஆண்டவர் கையைத் தூக்கினார். கையோடு மட்டியும் வந்தது. அரங்கத்தில் ஒரு மிக்சர் நொறுங்கும் சத்தம்கூட இல்லை.

"கத்தி! கத்தி எடும்மா!" என்று இளையபெருமாள் கத்தினார். அம்பிகா கத்தியோடு பாய்ந்தார். அவருக்கு அது ஒரு திருகு வேலை.

"நிறுத்துங்க!" என்றார் ஆண்டவர். முகம் சுருங்கியிருந்தது, ஆனால் கண் பளபளத்தது. "வெட்டக் கூடாது. மணி என்ன? பதினொண்ணு நாப்பது. குறிச்சுக்கங்க. அஞ்சாவது அத்தியாயத்துல செரோட்டோனின் கரைசல் ஊத்தினா பிடி தளரும்னு எழுதியிருக்கீங்க இல்ல? அதை ஊத்துங்க. பாக்கறேன்."

"சார், அது கடையில இருக்கு."

"எந்தக் கடையில?"

"கூல்டிரிங்ஸ் கடையில."

ஆண்டவர் இதை ஜீரணிப்பதற்குள் அய்யம்பெருமாள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பைக்கில் பறந்துவிட்டார்.

அப்போதுதான் இளையபெருமாளுக்கு ஒன்று உறைத்தது. மட்டி பிடித்திருப்பது வலது கை. பட்டத்துக்குப் பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியதும் வலது கை. மூன்றரைக்கு அரியலூரில் ஆண்டவருக்கு ரயில். மட்டி விடாமல் அம்பிகா முனைவர் ஆக முடியாது.

"அதுவரைக்கும் சும்மா இருக்க வேணாம்" என்றார் ஆண்டவர். மட்டி விரலோடு ஒரு தண்ணீர்க் கிண்ணத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லுங்கம்மா. இப்ப என் விரல்ல என்ன நடக்குது?"

என்ன ஆச்சரியமோ, அம்பிகாவின் பயம் போய்விட்டது. இது அவருக்குத் தெரிந்த மட்டி. தெரிந்த தசை. கிண்ணத்தின் அருகே குனிந்து, பஸ்ஸில் பூ வாங்கி வந்த அந்த அம்மாளுக்குச் சொன்ன மாதிரியே சொல்ல ஆரம்பித்தார். "மொதல்ல கால்சியம் ஏறிச்சு சார், டப்புனு மூடுச்சு. இப்ப கால்சியம் இறங்கிடுச்சு. தசை வேலையே செய்யல. ஆனா இழைங்க ஒண்ணோட ஒண்ணு கொக்கி போட்ட மாதிரி மாட்டிக்கிட்டிருக்கு. அதுக்கு இப்ப எந்தச் செலவும் இல்ல. உங்களுக்குத்தான் வலி."

"ரொம்பச் சரி" என்றார் ஆண்டவர் பல்லைக் கடித்துக்கொண்டு. "அடுத்து..."

அடுத்து, அடுத்து என்று ஐம்பது நிமிடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. ஒன்று இரண்டுக்கு ஆண்டவர் மறுப்புச் சொல்ல முயன்றார். அவர் கையை ஆட்டும்போதெல்லாம் மட்டி இன்னும் கொஞ்சம் இறுக்கியதால் ஒத்துக்கொண்டார்.

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு அய்யம்பெருமாள் வேர்க்க விறுவிறுக்க வந்து டப்பாவை நீட்டினார். அம்பிகா திறந்தார். உள்ளே குல்பி.

"என்னங்க இது!"

"டப்பா ரெண்டும் வெள்ளையா இருந்துச்சு, அவசரத்துல ஒட்டுன சீட்டைப் பாக்கல..."

"நீல மூடி போட்ட சின்னக் குப்பிங்க!"

அவர் மறுபடி பறந்தார். குல்பி உருகத் தொடங்கியதால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம். ஆண்டவர் இடது கையால் இரண்டு சாப்பிட்டார். அதன் பிறகு அவர் கேட்ட கேள்விகள் எளிதாக இருந்தன.

ஒன்றரைக்குக் குப்பி வந்தது. அரங்கமே எழுந்து மேசையைச் சுற்றி நின்றது. அம்பிகா ஓட்டுக்கும் விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் பத்துச் சொட்டு விட்டார். பூமாலை வாய்விட்டு எண்ணினார். நாற்பத்தெட்டு என்று சொல்லும்போது மட்டி ஒரு பெருமூச்சு விட்ட மாதிரி ஓட்டைத் திறந்தது. போகிற போக்கில், ஆண்டவரின் டையில் ஒரு பீச்சு பீச்சியது. கை தட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

ஆண்டவர் சிவந்த விரலைப் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒரே ஒரு விரலை வச்சு முடிவுக்கு வரக் கூடாது. மருந்து ஊத்தாம ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்கணும். இளையபெருமாள் சார், உங்க கையைக் கொஞ்சம்..." என்றார்.

இளையபெருமாள் இரண்டு கையையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார். மாலைவரை வெளியே எடுக்கவில்லை.

ஆண்டவர் உட்கார்ந்து, "மனமாரப் பரிந்துரைக்கிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரயிலையும் பிடித்துவிட்டார். ஒரு மாதம் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது: தேர்வாளரின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை, விளக்கம் தேவை. ஆண்டவர் தன் கைப்பட எழுதி அனுப்பினார்: "அந்தக் கையெழுத்து என்னுடையதே. கையெழுத்திடும் முன் ஒரு மட்டி என் விரலை ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடித்திருந்தது. விவரத்துக்கு ஆய்வேடு காண்க." மறு வாரமே பட்டம் வந்துவிட்டது.

இப்போது அம்பிகாவுக்கு வயது நாற்பத்திரண்டு. பெயருக்கு முன்னால் முனைவர் வந்தது. வேலை இன்னும் தற்காலிகம்தான். அதற்காக அவர் ஓயவில்லை. வயல் நத்தையின் காலில் இருக்கும் தசையை எடுத்துக்கொண்டிருக்கிறார். நத்தைகளைக் குளிரில் வைக்க முடியாது, உயிரோடு வேண்டும். அதனால் கடையின் பின்பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் அய்யம்பெருமாளின் பொறுப்பில் இருக்கின்றன.

போன வெள்ளிக்கிழமை, அம்பிகா வகுப்பில் இருந்தபோது போன் வந்தது. நான் அடுத்த வகுப்புக்காக வாசலில் காத்திருந்தேன். கோயில் கூட்டத்தின் இரைச்சலோடு அய்யம்பெருமாளின் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

"காலையில இருவது குடுத்துட்டுப் போன. இப்ப பத்தொன்பதுதான் இருக்கு. கடை பூராத் தேடிட்டேன். ஜூஸ் போடவே பயமா இருக்கு. என்ன செய்ய?"

அம்பிகா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை.

"கீழ தேடாதீங்க. மேல பாருங்க. அது எப்பவும் மேலதான் ஏறும்" என்று சொல்லிவிட்டு, போனை வைத்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார்.